கைராசிக்காரியும் அண்ணியின் இரும்பு பீரோவும்

எங்கள் அண்ணியிடம் இரண்டு சாவிகள் இருந்தன. ஒன்று வீட்டுச் சாவி. அதை எங்கே வைத்தோம் என்று தினமும் வீட்டையே தலைகீழாக்குவாள். மற்றொன்று பிரசவ வார்டில் இருந்த இரும்பு பீரோவின் சாவி. அது குளிக்கும்போதுகூடக் கழுத்துச் சங்கிலியை விட்டு இறங்காது. உள்ளே தங்கமா வைரமா என்று அண்ணன் கேலி செய்வார். இரண்டும் இல்லை. பிரசவ வலியைக் கூட்டும் மருந்துக் குப்பிகள்தான் இருந்தன.

இத்தனை காவலும் ஒரே ஓர் ஆளுக்காக. அந்த ஆளை வார்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கைராசி என்றால் போதும், எல்லோருக்கும் தெரியும்.

நான் அதே ஆஸ்பத்திரியில் தரைத்தளத்தில் மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவள். அண்ணி இரண்டாவது மாடியில் பிரசவ வார்டின் மூத்த நர்ஸ். காலையில் ஒரே பஸ்ஸில் போவோம், மாலையில் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். இரண்டு வேளையும் ஒரே பேச்சுதான். என் அண்ணனைப் பற்றி அவள் குறை சொல்லியிருந்தால்கூட நாத்தனார் என்ற முறையில் இரண்டு வார்த்தை சண்டை போட்டிருப்பேன். பாவம், அண்ணனைப் பற்றிப் பேச அவளுக்கு நேரமே இருக்கவில்லை.

அண்ணி வேலையில் கெட்டிக்காரி. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் அன்றைக்கு ஆயாவுக்குச் சனி பிடித்தது என்று அர்த்தம். அலறுகிற பெண்ணின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். வலி எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று மெஷின் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுவாள். முதல் பிரசவத்துக்கு வந்தவர்கள் இரண்டாவதற்கும் அவளைத் தேடி வந்தார்கள். கடைத்தெருவில் நடந்தால் யாராவது ஒரு தாய் பிள்ளையை முன்னால் தள்ளி, "உன்னை வெளிய எடுத்தது இவங்கதான்டா" என்பாள். அண்ணி ஒன்றும் பெரிதில்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வாள். அன்றிரவு சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கும்.

பிறகு கைராசி வந்து சேர்ந்தாள். சின்ன வயது, சிரித்த முகம், எதையும் ஒழுங்காக மடித்து வைக்கத் தெரியாது. தொப்பியை எங்கேயாவது மறந்துவிட்டு வருவாள். வந்த புதிதில் ஒரு நாள் வார்டில் கூட்டம். பொது ஃப்ரிட்ஜில் அண்ணி தன் நோயாளிக்கென்று எடுத்து வைத்திருந்த கடைசிக் குப்பிகளை இவள் கேட்காமல் எடுத்து வேறொரு நோயாளிக்குப் போட்டுவிட்டாள். அண்ணி ஃப்ரிட்ஜைத் திறந்தால் வெறும் தட்டு. கைராசி மன்னிப்புக் கேட்டாள், நிஜமாகவே கேட்டாள். ஆனால் அன்று முதல் அண்ணி தன் பங்குக் குப்பிகளை ஃப்ரிட்ஜில் வைப்பதை நிறுத்திவிட்டாள். இரும்பு பீரோவைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, அதில் வைத்துப் பூட்டினாள்.

"அண்ணி, அது குளிர்ல இருக்க வேண்டிய மருந்து. பெட்டி மேலயே போட்டிருக்கு" என்றேன்.

"நாலு நாள் வெளிய இருந்தா கெட்டா போயிடும்? நீயே சொல்லு."

"நாலு நாள்ல கெடாதுதான்."

"அப்புறம் என்ன? நிழல்லதான் இருக்கு. ஃப்ரிட்ஜ்ல வெச்சா மருந்து நல்லா இருக்கும், ஆனா என்கிட்ட இருக்காது."

அதற்கு மேல் பேசினால் அன்றைய பஸ் பயணம் நாசமாகிவிடும் என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த வருடத்திலிருந்துதான் அண்ணியின் கை மந்தமானது. அவள் டிரிப் போட்டால் வலி வருவேனா என்று அடம்பிடிக்கும். சொட்டைக் கூட்டுவாள், மறுபடி கூட்டுவாள், பொழுது போய்க்கொண்டே இருக்கும். சிலருக்குக் கடைசியில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியதாயிற்று. பக்கத்துக் கட்டிலில் கைராசி அதே மருந்தை அதே அளவில் போட்டால் டீ ஆறுவதற்குள் வலி பிடித்துக்கொள்ளும். அவளுக்கு அந்தப் பெயர் வந்தது இப்படித்தான். வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே, "அந்தக் கைராசி சிஸ்டர் இன்னிக்கு இருக்காங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அண்ணி எதிரில் நின்றுகொண்டிருப்பாள். அவளிடமே கேட்பார்கள்.

"அவ தனியா எதையோ கலக்குறா" என்றாள் அண்ணி ஒரு நாள். "நீ அவளுக்கு வேற சரக்கு குடுக்கறியா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஒரே பெட்டியைத்தான் பாதிப் பாதியா பிரிச்சுக் குடுக்கறேன். வேணும்னா வந்து பாருங்க."

"பாக்காமலா இருக்கேன்" என்றாள். பார்த்தும் இருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. கைராசி குப்பையில் போட்ட காலிக் குப்பிகளைப் பொறுக்கி எடுத்து, மேலே இருந்த தயாரிப்பு எண்களைத் தான் வாங்கிய குப்பிகளோடு ஒப்பிட்டிருக்கிறாள். எண்கள் ஒன்றாகவே இருந்தன. அதனால் எரிச்சல் இன்னும் கூடியது.

அவள் மனதை வேறு பக்கம் திருப்பலாம் என்று பஸ்ஸில் இந்த மருந்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். எனக்கு அந்தக் கதை பிடிக்கும். குளிர் நாடுகளில் கம்பு மாதிரி ஒரு தானியம் விளைகிறது. ஈரமான வருடங்களில் அதன் கதிரில் கறுப்பாகக் கொம்பு மாதிரி ஒரு பூஞ்சை முளைக்கும். அந்தத் தானியத்தில் சுட்ட ரொட்டியைத் தின்றவர்களுக்குக் கை கால் கறுத்து உதிர்ந்தது. ஆனால் அங்கே பிரசவம் பார்த்த பெண்களுக்கு அதில் வேறொன்று தெரிந்திருந்தது. அந்தக் கொம்பில் கொஞ்சம் கொடுத்தால் கர்ப்பப்பை முறுக்கிக்கொண்டு பிள்ளையை வெளியே தள்ளிவிடும்.

"அப்போ அந்தக் காலத்துக் கைராசிக்காரிங்க எல்லாம் முந்தானைல இதத்தான் முடிஞ்சு வெச்சிருந்தாளுங்களா?" என்றாள் அண்ணி.

நான் எதைச் சொன்னாலும் அவளுக்கு அது அங்கேதான் போய் நிற்கும். விடாமல் சொன்னேன். பின்னாளில் டாக்டர்களும் அந்தப் பொடியைக் கையில் எடுத்தார்கள். சீக்கிரம் வேலை முடிகிறது என்று சந்தோஷப்பட்டார்கள். கொஞ்ச காலத்திலேயே பிள்ளைகள் செத்துப் பிறப்பது கூடியது. அந்தப் பொடிக்கு விட்டுக் கொடுக்கத் தெரியாது. பிடித்தால் பிடித்த பிடிதான். கர்ப்பப்பை இளகினால்தானே பிள்ளைக்கு ரத்தம் போகும், மூச்சு கிடைக்கும்? பிரசவத்துக்கு முன்னால் அதைக் கொடுக்காதே, பிள்ளை வெளியே வந்த பிறகு ரத்தப்போக்கை நிறுத்த மட்டும் வைத்துக்கொள் என்று டாக்டர்களே டாக்டர்களுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

அடுத்தது மாட்டின் மூளைக்கு அடியில் இருக்கும் பட்டாணி அளவுச் சுரப்பி. அதன் சாற்றை எடுத்து ஊசியாகப் போட்டார்கள். இது நம் உடம்பிலேயே ஊறுகிற சரக்கு. பிள்ளை பிறக்கும்போதும் ஊறும், பால் குடிக்கும்போதும் ஊறும். ஆனால் ஒரு பாட்டிலின் வீரியம் அடுத்த பாட்டிலில் இருக்காது. ஒன்று தண்ணீர் மாதிரி, இன்னொன்று இடி மாதிரி. போட்ட ஊசியைத் திரும்ப உறிஞ்சவும் முடியாது. எத்தனையோ பேருக்குக் கர்ப்பப்பையே கிழிந்தது. பிறகு ஒவ்வொரு தயாரிப்பையும் சோதித்து, யூனிட் என்று ஓர் அளவு கொண்டுவந்தார்கள். அப்புறம் ஒரு ரசாயனக்காரர் அதையே சோதனைச்சாலையில் செய்து காட்டினார். மாட்டுக்கு விடுதலை. ஏறக்குறைய அதே காலத்தில் சலைனில் கலந்து சொட்டுச் சொட்டாக விடும் வழக்கம் வந்தது. குழாயில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருகினால் நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் உடம்பிலிருந்தும் கரைந்துவிடும்.

"இத்தனை வருஷமா இவங்க தேடினது ஒண்ணே ஒண்ணுதான் அண்ணி. கையில இருக்கற மருந்துக்கு எவ்வளவு வீரியம்னு தெரியணும். அவ்வளவுதான்."

"தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? எவ கையில இருக்குங்கறதுலதானே எல்லாம் இருக்கு" என்று பெருமூச்சு விட்டாள்.

இந்த நிலைமையில்தான் அண்ணியின் மகள், என் செல்ல மருமகள், தலைப்பிரசவத்துக்கு அதே வார்டில் வந்து படுத்தாள். நாள் தள்ளிப் போய்விட்டது, டிரிப் போட்டுவிடலாம் என்று பெரிய டாக்டரம்மா சொன்னார். அண்ணிக்குக் காலை டியூட்டி. வேறு யாரையும் பக்கத்தில் அண்டவிடாமல் தானே பாட்டிலைத் தொங்கவிட்டாள். அவளே கலந்தாள், அவளே குத்தினாள். பீரோவிலிருந்து குப்பிகளை எடுத்தாள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான் எட்டிப் பார்க்கப் போனபோது மகள் தலையணையில் சாய்ந்துகொண்டு ஃபோனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். பிரசவ வலியில் இருக்கிற பெண் செய்கிற வேலையா அது? வலி வந்தது, போனது. வந்த சுவடே தெரியவில்லை. டாக்டரம்மா சொல்லச் சொல்ல அண்ணி சொட்டைக் கூட்டிக்கொண்டே இருந்தாள். பகல் சாய்வதற்குள் கூட்டக்கூடிய எல்லைக்கே வந்தாயிற்று.

அப்போதுதான் அந்தப் பெண் வாயை விட்டாள். "அம்மா, கோவிச்சுக்காத. கைராசி அக்கா டியூட்டிக்கு எப்போ வருவாங்க?"

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. வயிறு எரிந்தால் முகத்தில் தெரியும் என்பார்கள், அன்றுதான் கண்ணால் பார்த்தேன். ஊர்ப் பெண்கள் கேட்டதையெல்லாம் தாங்கிக்கொண்டாள். தான் பெற்ற பெண், தன் கையால் ஊட்டி வளர்த்த பெண், அவளும் அந்தக் கையைத்தான் தேடுகிறாள். "வருவா, வருவா. வந்து உன்னைக் காப்பாத்துவா" என்று சொல்லிவிட்டு விரிப்பில் இல்லாத சுருக்கத்தை நீவினாள்.

கைராசி வந்தாள். டியூட்டி மாறும்போது போகிறவர் வருகிறவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அதுதான் வழக்கம். அண்ணி சொட்டுக் கணக்கை மட்டும் சொன்னாள். கைராசி குழாயைப் பார்த்தாள், வயிற்றைத் தொட்டாள், நெற்றியைச் சுருக்கினாள்.

"அக்கா, இவ்வளவு சொட்டு போயுமா வலி இப்படி இருக்கு?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி. அண்ணி காதில் அது குத்தலாகத்தான் விழுந்தது. "ஏன், மகாராணி கை பட்டாத்தான் வலிக்குமோ? விட்ட இடத்துலேர்ந்து நடத்து, போதும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

அண்ணி வீட்டுக்குப் போகவில்லை. கதவுக்கு வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகளுக்காக என்றாள். பாதி அதுதான். மீதிப் பாதி, இவள் கையிலும் வலி வரக் கூடாது என்ற நப்பாசை. சொந்த மகளின் பிரசவத்தில் ஒரு தாய் இப்படியும் நினைப்பாளா என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்.

உள்ளே பாட்டில் தீர்ந்தது. கைராசி ஃப்ரிட்ஜிலிருந்து குப்பிகளை எடுத்துப் புதிய பாட்டிலில் கலந்து, விட்ட இடத்திலிருந்து, அதே வேகத்தில் ஓடவிட்டாள். அந்த நேரம் பார்த்து அடுத்த கட்டிலில் ஒரு குழந்தையின் தலை தெரிந்தது, அங்கே ஓடினாள்.

மகளின் அலறல் கேட்டது. "பாத்தியா, அவ கை பட்டதும்..." என்று அண்ணி கசப்போடு ஆரம்பித்தாள். அலறல் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஒரு வலி முடிந்து அடுத்தது வருவதற்குள் மூச்சு வாங்கும் சத்தம் ஒன்று உண்டு, அது வரவே இல்லை. அண்ணி பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

மகளின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். கண்ணை மூடவில்லை. "இளகல" என்றாள். வயிறு மரக்கட்டை மாதிரி இறுகியபடியே இருந்தது. மெஷினில் குழந்தையின் துடிப்பு தடதடவென்று ஓடுவதை விட்டு நொண்டி நொண்டி வந்தது. அண்ணியின் மற்றொரு கை அதற்குள் குழாயின் சக்கரத்தைத் திருகி மூடியிருந்தது. மகளை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தாள், ஆக்ஸிஜன் வைத்தாள், டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொல்லி என்னைப் பார்த்துக் கத்தினாள். நான் ஓடினேன். திரும்பி வந்தபோது அந்தத் துடிப்பு மெதுவாக, மனமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. வயிறு இளகியிருந்தது. மாட்டுச் சுரப்பி ஊசியின் காலமாக இருந்திருந்தால் மூடுவதற்குச் சக்கரம் இருந்திருக்காது.

பிறகு வேறு பாட்டில், மிகக் கொஞ்சமான சொட்டு. அன்று ராத்திரி பெண் குழந்தை பிறந்தது. பிறந்தவுடன் அழவில்லை. டாக்டரம்மா முதுகைத் தேய்த்தார், மூக்கில் இருந்த சளியைக் குழாயால் உறிஞ்சி எடுத்தார். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வழியாகச் சின்னதாக ஒரு முனகல், அப்புறம் ஒரு கத்தல். அதைக் கேட்ட பிறகுதான் அண்ணி சுவரை விட்டாள்.

மறுநாள் காலை வார்டில் அண்ணியின் குரல்தான். "கொல்லப் பாத்தா! என் பொண்ணையும் பேத்தியையும் சேர்த்துக் கொல்லப் பாத்தா! இவளுக்கா கைராசி?" இத்தனை வருடம் தேடியது கையும் களவுமாகக் கிடைத்துவிட்டது. அழுகைக்கு நடுவே அவள் முகத்தில் ஒரு பளபளப்பு இருந்தது. டாக்டரம்மா விசாரணை என்றார். இரண்டு பாட்டிலிலும் கலந்த மருந்தைச் சோதிக்க வேண்டும், ஃப்ரிட்ஜிலிருந்தும் பீரோவிலிருந்தும் குப்பிகளைக் கொண்டு வா என்று என்னை அனுப்பினார். அண்ணி தானே சங்கிலியிலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தாள். "நல்லாப் பாரு. என் சரக்குல ஒரு குறை இருக்காது."

பீரோவைத் திறந்தேன். உள்ளே அடுக்கு அடுக்காக எத்தனை பெட்டிகள்! கேட்கும்போதெல்லாம் தேவைக்கு மேலேயே வாங்கிச் சேர்த்திருக்கிறாள். அத்தனையும் தேதி வாரியாக இருந்தன. புதுசு வர வரப் பழசு பின்னால் சுவரோரம் போய்விடும், ஆனால் எடுக்கும்போது அதைத்தான் முதலில் எடுப்பாள், அப்படி ஓர் ஒழுங்கு. பின் வரிசையில் கையை விட்டேன். தூக்கி வாரிப் போட்டது. டீ கிளாஸைத் தொட்டதுபோல் சூடு. பீரோவுக்குப் பின்னால் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஆபரேஷன் துணியையும் கத்தியையும் நீராவியில் வேகவைக்கும் மெஷின். அந்த அறைக்கு வாசல் வேறு நடையில் இருந்ததால் சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று யாரும் யோசித்ததே இல்லை. குப்பிகள் அங்கே நாலு நாள் இருக்கவில்லை. மாதக்கணக்கில் வெந்திருக்கின்றன. அண்ணி கொடுத்ததெல்லாம் வீரியம் செத்த மருந்து. அந்தச் செத்த மருந்துக்காகக் கூட்டிய வேகத்தில் உயிருள்ள மருந்தை ஓட்டியதுதான் கைராசி செய்தது.

அண்ணியைக் கூப்பிட்டேன். அவள் கையைப் பிடித்துப் பின் வரிசையில் வைத்தேன். ஆயிரம் வயிறுகளைப் படித்த கை அது. படித்துவிட்டது.

கையை எடுக்காமலே, "அவ டாக்டரம்மாகிட்ட என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

"தப்பு என்னுதுதான், கொறச்சு ஆரம்பிச்சிருக்கணும்னு அழறாங்க. வேற எங்கயாவது மாத்திடுங்கன்னு அவங்களே கேட்டிருக்காங்க."

அண்ணி வேண்டியதெல்லாம் ஒரே தட்டில் வந்து நின்றது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கழுத்தில் சாவி இல்லாத சங்கிலியைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"அப்போ வலி வராம வயித்தைக் கிழிச்சாங்களே அந்தப் பொண்ணுங்க... அதெல்லாம்?"

எனக்கு அண்ணியை அடித்துவிடலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. குப்பிகளை எடுத்துக்கொண்டு பீரோவைப் பூட்டினேன்.

அவள் டாக்டரம்மாவின் அறைக்கு நடந்தாள். கைராசி தொப்பியில்லாமல் மூலையில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். "அவ மேல தப்பில்ல டாக்டர்" என்றாள் அண்ணி, உரக்க, சண்டை போடுகிற குரலிலேயே. "மருந்தைப் பூட்டி வெச்சு வேக வெச்சது நான். அவ கேட்டா, இவ்வளவு சொட்டுக்கா இந்த வலின்னு. வாயை அடைச்சதும் நான். அவகிட்ட போயிடக் கூடாதுன்னுதான் பூட்டினேன். என்ன பண்ணணுமோ என்னைப் பண்ணுங்க."

டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் கைராசி ஓடி வந்து அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அய்யோ அக்கா, இந்தக் கை மூடலேன்னா குழந்தை இருந்திருக்குமா? மொதல்ல கேக்காம எடுத்தவ நான்தானே. என்னாலதானே பூட்டுனீங்க." டாக்டரம்மா இந்தக் காலத்தில் இவ்வளவு பெரிய மனசா என்று கைராசியைத்தான் தட்டிக்கொடுத்தார். அண்ணிக்குப் பதவி இறங்கியது. பீரோ அன்றைக்கே பழைய சாமான் அறைக்குப் போனது.

வெளியே நடையில் வந்ததும் அண்ணி என் காதோடு சொன்னாள்: "பாத்தியாடி? மன்னிக்கறதுலயும் அவளே முந்திக்கிட்டா."

மகளின் கட்டிலுக்குப் போனோம். குழந்தை அழுதுகொண்டிருந்தது. எங்களுக்கு முன்பே வேறு வழியாக வந்துவிட்ட கைராசி அதைத் தூக்கித் தோளில் போட்டிருந்தாள். போட்ட மாத்திரத்தில் அழுகை நின்றது. "பாரும்மா, இவங்க கை பட்டதும் அடங்கிடுச்சு" என்றாள் மகள் சிரித்துக்கொண்டு.

"குடு இப்படி" என்று அண்ணி கையை நீட்டி வாங்கினாள். குழந்தை அவள் முகத்தைப் பார்த்தது, வாயைக் கோணியது, வார்டே அதிரும்படி வீறிட்டது. கைராசி திரும்ப வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

அண்ணி குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். "தர மாட்டேன் போ. அழட்டும். நல்லா அழட்டும்" என்றாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.